எந்த வக்கீலிடம் போவது?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், விளக்கேற்றும் வேளையில், ஒரு பெரியவர் நம்மைத் தேடி வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். வெளுத்த வேஷ்டி, கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை, கக்கத்தில் ஒரு துணிப் பை. நூற்பாலை ஒன்றில் 22 வருஷம் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்து, 2023-ஆம் வருஷத்தில் ஓய்வு பெற்றவர். ஆலையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற தினத்தன்று மாலை போட்டார்கள்; சால்வை போர்த்தினார்கள்; முதலாளியின் குமாரர் நாலு வார்த்தை நல்லதாகப் பேசினாராம். கிராஜுவிடிப் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. "கம்பெனியின் நிலைமை இப்போது சரியாயில்லை, சௌகரியப்பட்டபோது பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சௌகரியம் இன்னும் பட்டபாடில்லை.

"இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்று கேட்டோம்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த ஆலைச் சோற்றைத்தானே குடும்பத்தோடு 22 வருஷம் சாப்பிட்டேன்? அவர்கள் பேரில் பிராது கொடுக்க மனசு வரவில்லை. இப்போது வீட்டில் நெருக்கடி, அவளும் கேட்கிறாள். சரி, ஒரு வக்கீலைப் பார்ப்போம் என்றால், எந்த வக்கீலிடம் போவது என்று தெரியவில்லை. ஆலை வாசலில் ஒருவர் அகப்பட்டார். வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் முடித்துத் தருகிறேன் என்றார். நியமன உத்தரவு முதலிய அசல்களையெல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டேன். ஆறு மாதமாயிற்று. ஆளைக் காணோம்."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தவை மங்கிய நகல்கள்.

இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் நம் நேயர்களின் குடும்பங்களிலும் இருப்பார்கள். தகப்பனாராகவோ, சிற்றப்பாவாகவோ, பக்கத்து வீட்டு உபாத்தியாயராகவோ இருப்பார்கள். ஆகவே, அவருக்கு நாம் சொன்னதையும், சொல்வதற்காக நாம் தேடித் தெரிந்துகொண்டதையும் இந்த வாரம் எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் அந்த உப்பைப் பற்றிப் பேசிவிடுவோம். கிராஜுவிடி என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அடியில் இருப்பது, இனாம் என்ற பொருள். தமிழிலும் அதைப் பணிக்கொடை என்கிறோம். அதிலும் ஒரு கொடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வார்த்தையைக் கேட்டவுடனே கொடுப்பவர் வள்ளல் என்றும், வாங்குபவர் கை நீட்டுகிறவர் என்றும் ஒரு மயக்கம் உண்டாகிவிடுகிறது. சட்டத்தின் நோக்கில் இது முழுத் தவறு. 1972-ஆம் வருஷத்துக் கிராஜுவிடிச் சட்டம் வந்த நாள் முதல் இது முதலாளி தீர்க்க வேண்டிய கடன். உபகாரச் சம்பளம் சர்க்காரின் தயவில் கிடைப்பதன்று, அது ஊழியரின் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 1971-ஆம் வருஷத்திலேயே கூறிற்று. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி நகரா வழக்கில் அதையே இன்னும் விரிவாக வற்புறுத்திற்று. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர்கள் இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2013-ஆம் வருஷத்தில் ஜார்க்கண்டு சர்க்காரைப் பற்றிய வழக்கில், உபகாரச் சம்பளமும் கிராஜுவிடியும் ஊழியரின் சொத்து என்றும், சட்டத்தின் ஆதாரமின்றி அதைப் பறிக்க முடியாது என்றும் தீர்ப்பாயிற்று. ஆகவே நம் பெரியவர் கேட்பது இனாமும் அன்று, பிச்சையும் அன்று. 22 வருஷத்து வேர்வையில் பிடித்து வைத்த பாக்கி. உப்பிட்டவரை நினைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த உப்பு யாருடைய வேர்வையிலிருந்து எடுத்தது என்பதையும் நினைக்க வேண்டும்.

கணக்கு எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வக்கீலிடமும் போகக்கூடாது. மாதச் சம்பளக்காரருக்கு விதி இதுதான்: கடைசியாக வாங்கிய சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி வரும். அதை 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பெரியவரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். ஒரு நாளைக்கு 1,000. பதினைந்து நாளைக்கு 15,000. இருபத்திரண்டு வருஷத்துக்கு 3,30,000 ரூபாய். 2018 மார்ச்சு 29 முதல் இதற்கு உச்ச வரம்பு 20 லட்சம். கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து முப்பது நாளைக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி நூற்றுக்குப் பத்து வட்டி. இவருடைய கணக்கில் வருஷத்துக்கு 33,000. நாளொன்றுக்குச் சுமார் 90 ரூபாய். கம்பெனிக்குச் சௌகரியப்படாத ஒவ்வொரு நாளும் இந்தத் தொண்ணூறு ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னபோதுதான் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னும் சில விஷயங்களைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைக்கும் கம்பெனிக்கும் இந்தக் கடமை உண்டு. சாதாரணமாக ஐந்து வருஷத் தொடர்ச்சியான ஊழியம் வேண்டும். ஊழியர் காலமானாலும், வேலை செய்ய முடியாதபடி அங்கம் குறைந்துபோனாலும் இந்த ஐந்து வருஷக் கணக்குப் பார்ப்பதில்லை. குமாஸ்தாவுக்கு உண்டு, மானேஜருக்கு இல்லை என்ற பேதமும் கிடையாது. தனியார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கு நெடுநாள் இது மறுக்கப்பட்டது. 2009-ஆம் வருஷத்துத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதற்கொண்டே அவர்களுக்கும் இதை அளித்தது. 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமுலுக்கு வந்தன. அவற்றின்படி, குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் உழைத்தவருக்கும் அந்த அளவுக்குக் கிராஜுவிடி உண்டு. சம்பளத்தைப் பல படிகளாகப் பிரித்து அடிப்படையைச் சுருக்கிக் காட்டும் பழைய வித்தைக்கும் தடை வந்திருக்கிறது: விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்போனால், மிகுந்த பகுதி சம்பளமாகவே கணக்கிடப்படும். ஆனால் அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களின் உரிமையும் பாக்கியும் பழைய சட்டத்தைப் பொறுத்தவை. உங்கள் விவகாரம் எந்தத் தேதியைச் சேர்ந்தது என்பதை வக்கீலிடம் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தபடி, எந்தக் கதவைத் தட்டுவது? வக்கீலைத் தேடுமுன் கதவைத் தேட வேண்டும். கதவு தெரிந்தால் அந்தக் கதவண்டை பழகிய வக்கீல் தாமே தெரிவார். கிராஜுவிடிக்குக் கதவு, தொழிலாளர் இலாகாவில் அதற்கென்று நியமித்த அதிகாரி. பாங்கி, இன்ஷூரன்ஸ், ரெயில்வே, துறைமுகம் ஆகியவற்றுக்கும், பல மாகாணங்களில் கிளையுள்ள ஸ்தாபனங்களுக்கும் மத்திய சர்க்காரின் தொழிலாளர் அதிகாரி. மற்றவற்றுக்கு மாநில சர்க்காரின் அதிகாரி. பிராவிடெண்டு பண்டு என்னும் சேமநிதிக்கும், 1995-ஆம் வருஷத்து ஓய்வூதியத் திட்டத்துக்கும், சேமநிதி ஸ்தாபனத்தின் வட்டார அலுவலகம். இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் ஈட்டுறுதியில் தகராறு வந்தால் அதற்கென்று ஏற்பட்ட இன்ஷூரன்ஸ் கோர்ட்டு. வேலை நேரத்தில் விபத்து நேர்ந்து நஷ்டஈடு கேட்பதென்றால் வேறு அதிகாரி. மத்திய சர்க்கார் ஊழியருக்கு 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தால் உண்டான நிர்வாகத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டு சர்க்கார் ஊழியருக்கு ஹைகோர்ட்டு. இத்தனை கதவுகள் இருப்பதால்தான், நிலத் தகராற்றில் பேர் பெற்ற வக்கீலிடம் சேமநிதி விவகாரத்தைக் கொண்டுபோய் மூன்று வருஷம் தவறான வாசலில் நின்றவர்களும் இருக்கிறார்கள். கண் நோய்க்குப் பல் வைத்தியரிடம் போவாருண்டோ?

மேற்சொன்னவற்றில் பலவற்றுக்கு வக்கீலே அவசியமில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். கிராஜுவிடி மனுவை ஊழியர் தாமே கொடுக்கலாம். அவர் இல்லையென்றால் வாரிசுகள் கொடுக்கலாம். முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் விண்ணப்பம். கம்பெனி மறுத்தாலும் மௌனம் சாதித்தாலும் அதிகாரியிடம் மனு. குறிப்பிட்ட நாளைக்குள் கம்பெனிக்கு விண்ணப்பம் போடவில்லை என்பதற்காக மட்டும் உரிமை செத்துப்போவதில்லை. ஏனெனில், விண்ணப்பம் வந்தாலும் வராவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை என்பது சட்டம். அதிகாரி உத்தரவு போட்ட பிறகு முதலாளி அப்பீல் செய்ய விரும்பினால், அந்தத் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் அப்பீல் வாசலை மிதிக்க முடியும். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம். இவ்வளவு பலம் ஏழைப் பங்காளியான ஒரு சட்டத்தில் இருந்தும், அதைப் பிரயோகிப்பார் இல்லாமல் பெட்டியில் கிடப்பது பரிதாபம்.

தொழில் தகராறுகளில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தை இயற்றியவர்கள், பணமுள்ள கட்சி பெரிய வக்கீலை நிறுத்தி எளிய கட்சியைத் திணற அடிக்கக்கூடாது என்று கருதினார்கள். ஆகவே எதிர்க்கட்சியின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தாலொழிய தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று விதித்தார்கள். இப்போதைய தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கொள்கை தொடர்கிறது. தொழிலாளிக்காக அவருடைய சங்கத்து நிர்வாகி ஆஜராகலாம். எத்தனையோ சங்கத்துக் காரியதரிசிகள், கறுப்பு அங்கி அணியாமலே, இந்தச் சட்டங்களில் வக்கீலுக்கு வக்கீலாக இருக்கிறார்கள். ஆகவே சங்கம் இருக்கும் இடத்தில் முதல் யோசனையைச் சங்கத்தில் கேளுங்கள். ஆனால் ஒன்று: மேற்பார்வை உத்தியோகத்தில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரையும், நிர்வாகப் பதவியில் இருப்பவரையும் இப்போதைய தொகுப்புச் சட்டம் தொழிலாளியாகக் கருதுவதில்லை. அவர்களுக்குக் கிராஜுவிடியும் சேமநிதியும் உண்டு. வேலை நீக்கத்தை எதிர்க்கும் வழி மட்டும் வேறு. தொழிலாளியாக இருப்பவரும் வேலை நீக்கத்தை எதிர்ப்பதானால் தாமதிக்கலாகாது. முன்னே மூன்று வருஷமாக இருந்த கெடு, புதிய தொகுப்பில் இரண்டு வருஷமாகக் குறைந்திருக்கிறது.

நம் தேசத்தில் வக்கீலும் தொழிலாளியும் கைகோத்த கதை பழையது. 1908-ஆம் வருஷத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வு நாளும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு முன் நின்றவர் யார்? வக்கீல் சிதம்பரம் பிள்ளை. வேலை நிறுத்தம் வெற்றி பெற்றது. தலைவரோ சிறை சென்றார். 1918-ஆம் வருஷம் ஏப்ரலில் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றி, வாடியாவும் திரு.வி.க.வும் அதை நடத்தியபோது, ஆலை முதலாளிகள் ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்து சங்கத்தின் வாயைக் கட்டப் பார்த்தார்கள். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியின் பலனே 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம். சட்டம் தெரிந்த ஒருவர் நம் பக்கத்தில் நிற்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை இந்தச் சரித்திரம் காட்டுகிறது.

சங்கமும் இல்லை, தாமே மனுப்போடத் தைரியமும் இல்லை, அல்லது விவகாரம் சிக்கலானது என்றால் வக்கீல் வேண்டியதுதான். அவரை எங்கே தேடுவது? விளம்பரத்தில் தேட வேண்டாம். நம் நாட்டில் வக்கீல் தம்மைப் பற்றி விளம்பரம் செய்துகொள்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு, இணைய வணிகத் தலங்களின் மூலம் கட்சிக்காரரைப் பிடிக்கும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே பெரிய எழுத்தில் பெயர் தெரிகிறவரே பெரிய வக்கீல் என்று எண்ணுவதற்கில்லை. பழைய வழியே சிறந்தது: அதே விதமான விவகாரம் நடத்தி முடித்தவரைக் கேளுங்கள். உங்கள் ஆலையில் உங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர் ஒருவர் பணம் வாங்கியிருப்பார். அவருக்கு மனு எழுதியவர் யார்? தொழிலாளர் அதிகாரியின் அலுவலகத்தில் ஒரு காலை வேளை உட்கார்ந்து பாருங்கள். எந்த வக்கீல் வாரந்தோறும் அங்கே வருகிறார், யாருடைய காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்பது தானே தெரியும். வழக்கமாகக் கம்பெனிகளுக்காக ஆஜராகிறவரா, ஊழியர்களுக்காக ஆஜராகிறவரா என்பதையும் விசாரியுங்கள். இரண்டு பக்கமும் நல்ல வக்கீல்கள் உண்டு; ஆனால் உங்கள் கம்பெனிக்கே அவர் யோசனை சொல்பவராக இருந்தால், அதை உங்களிடம் முதலிலேயே சொல்வது அவர் கடமை; கேட்பது உங்கள் கடமை.

பீஸ் கொடுக்கச் சக்தியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். எளியவருக்கு இலவசச் சட்ட உதவி தருவது ராஜ்யத்தின் கடமை என்று 1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் நம் அரசியல் சாஸனத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்காக 1987-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜில்லாக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். தாலுகாவிலும் அதன் குழு உண்டு. ஸ்திரீகள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், அங்கஹீனர், தொழிற்சாலைத் தொழிலாளி ஆகிய இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே உதவி உண்டு; மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற டெலிபோன் எண்ணில் கூப்பிட்டும் யோசனை கேட்கலாம். கணவன் காலமான பிறகு அவருடைய சேமநிதியையும் கிராஜுவிடியையும் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மைத்துனன்மார் வீட்டு வாசலில் காத்திருக்கும் சகோதரிகளுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறோம். ஸ்திரீ என்ற ஒரே காரணத்தாலேயே உங்களுக்கு வக்கீலைக் கொடுக்கச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. சமரசத்துக்கு இடமிருந்தால் மக்கள் நீதிமன்றத்திலும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே செய்யும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே தொகையைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வக்கீலைக் கண்டுபிடித்த பிறகு முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை சில. இம்மாதிரி விவகாரங்களை எத்தனை காலமாக நடத்துகிறார்? வாய்தாவுக்கு அவரே வருவாரா, ஜூனியர் வருவாரா? எந்த அதிகாரியிடம், எந்தச் சட்டத்தின்கீழ் மனு? எவ்வளவு காலம் ஆகலாம்? பீஸ் மொத்தமா, வாய்தாவுக்கு இவ்வளவா? அப்பீல் வந்தால் அதற்குத் தனியா? இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல வக்கீல் இக்கேள்விகளால் கோபிக்க மாட்டார், கோபிப்பவரை விட்டுவிடலாம். "நிச்சயம் ஜெயம்" என்று முதல் நாளே சத்தியம் செய்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். வெற்றுக் காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம்.

"மூன்றில் ஒரு பங்கு" என்ற பேச்சு எழுந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் பலனைப் பொறுத்துப் பீஸ் பேசுவதும், வரும் தொகையில் பங்கு கேட்பதும் நம் நாட்டு வக்கீலுக்கு விலக்கப்பட்டவை. நம் பெரியவரிடம் பங்கு பேசியவரோ வக்கீலே அல்லர், தரகர். இப்படிப்பட்ட தரகர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து வெளியிடவும், அவர்களைக் கோர்ட்டு வளாகத்திலிருந்து விலக்கவும் 2023-ஆம் வருஷத்து வக்கீல் திருத்தச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. ஆலை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று துக்கத்தில் வியாபாரம் செய்யும் இந்தக் கூட்டத்தை நம்மவர்கள் இனம் கண்டுகொள்ள வேண்டும்.

நியமித்த வக்கீல் சரியாயில்லை என்றால்? வேறு வக்கீலை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-ஆம் வருஷத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நடத்தைத் தவறு இருந்தால் மாநிலப் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். நுகர்வோர் கோர்ட்டுக்கு மட்டும் போக முடியாது. வக்கீல் தொழில் அந்தச் சட்டத்தில் சேராது என்று 2024 மே மாதத்தில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே பிறகு வருந்துவதைவிட முன்பே விசாரித்துத் தேர்ந்தெடுப்பதே மேல்.

கடைசியாக, வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராயினும் காகிதம் இல்லாமல் அவரால் ஆகக்கூடியது கொஞ்சம். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டுகள், வருகை அடையாளச் சீட்டு, சேமநிதி எண்ணும் அதன் கணக்குப் பிரதியும், இ.எஸ்.ஐ. அட்டை, பாங்கிப் புத்தகம், ஓய்வு உத்தரவு, கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரு கட்டாக வையுங்கள். அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். அசல் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கம்பெனிக்கு எழுதும் கடிதத்தை, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். வேலையில் இருக்கும்போதே நாமினேஷன் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் தாயார் பெயரில் எழுதியதை மாற்றாமலே காலமானவர்களின் மனைவிமார் படும் கஷ்டம் சொல்லி முடியாது. இந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டு எஜமானிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பீரோச் சாவி அவரிடம் இருந்தும், பீரோவில் என்ன இருக்கிறது என்று சொல்லாத கிருஹஸ்தர்கள் நம்மில் அநேகர்.

"கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று ஒரு வசனம் நம்மவர் வாயில் அடிக்கடி வருகிறது. தாயாதிச் சண்டைக்கு அது பொருந்தலாம். தாம் உழைத்த பணத்தைக் கேட்கும் ஊழியருக்கு அது பொருந்தாது. அவர் கேளாமல் இருந்தால்தான் தோற்கிறார். அவர் ஒருவர் மட்டுமா தோற்கிறார்? ஒருவர் விட்டுக்கொடுத்ததைக் கண்டு முதலாளி அடுத்தவருக்கும் அதே "சௌகரியப்பட்டபோது" என்ற பதிலைச் சொல்கிறார். முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: சால்வைக்குச் செலவழித்த பணத்தை அந்த ஆண்டின் கணக்கில் எழுதியிருப்பீர்கள். கிராஜுவிடியையும் வருஷந்தோறும் ஒதுக்கி வைத்தீர்களானால், ஓய்வு தினத்தில் தலை நிமிர்ந்து மாலை போடலாம்.

நம் பெரியவரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைத்தோம். இந்தப் பகுதியை அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அங்கே கொடுத்த வக்கீல் ஓர் இளம் பெண்மணியாம். அவர் எழுதிய ஒரு கடிதத்துக்குப் பயந்து தரகர் அசல் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டாயிற்று. அடுத்த மாதம் முதல் வாய்தா. பணம் இன்னும் வரவில்லை. வரும் என்று நாமும் நம்புகிறோம்.

கார்டின் கடைசி வரி இது: "ஆலை இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மனுவில் கையெழுத்திட்டேன்."

அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நன்றியும் இருக்கட்டும், கணக்கும் தீரட்டும்.